வாட்ஸ்அப் பிசினஸ்: ஆர்டர் வாங்கத் தெரியும், கணக்கு வைக்கத் தெரியாது

தையல் கடையோ, அச்சகமோ, உதிரிபாகக் கடையோ, சிறு தொழில் வளராமல் முட்டி நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆர்டர் முழுவதும் முதலாளியின் தலைக்குள் இருக்கிறது. யார் கேட்டார், எத்தனை, எந்தத் தேதிக்கு, அட்வான்ஸ் எவ்வளவு என்பதெல்லாம் அவர் ஒருவருக்கே தெரியும். ஒரு நாளைக்குப் பத்து ஆர்டர் வரை தலை தாங்கும். பதினைந்தில் ஒன்று விட்டுப்போகும். இருபதில், வருடக்கணக்காக வந்துகொண்டிருந்த ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார். அந்த நிலையில் விளம்பரம் கொடுத்தும் பயனில்லை, ஆள் போட்டும் பயனில்லை. புது ஆளுக்கு விவரம் சொல்லவே முதலாளி பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

இந்த முட்டுக்கட்டையை எடுக்க நினைப்பவர்களின் கைக்கு முதலில் வருவது வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. 2018 ஜனவரியில் ஆண்ட்ராய்டுக்கு வந்தது, 2019இல் ஐபோனுக்கும் வந்தது. இலவசம். வாடிக்கையாளர் புதிதாக எதையும் இறக்கிக்கொள்ள வேண்டாம். கடையில் இருப்பவர்களுக்கும் புதிதாகப் பழக ஒன்றும் இல்லை. ஆர்டர் உள்ளே வருவதற்கான வழியாக மட்டும் பார்த்தால் இதற்குத் தாராளமாக நல்ல மதிப்பெண் போடலாம். வந்த ஆர்டரை முடிகிற வரை பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பையும் இதனிடமே விட்டால், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கும். பக்கத்தில் ஒரு கூகுள் ஷீட் (இணையத்தில் இயங்கும் கணக்குத் தாள்) வைத்துக்கொண்டு ஓட்டுகிற கடைக்கு இந்தச் செயலி மிக நல்ல துணை. ஷீட் இல்லாமல் ஓட்டினால், தலைக்குள் இருந்த குழப்பம் போனுக்குள் இடம் மாறியிருக்கும், அவ்வளவே.

முதலில் எண். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் விதைக்கப்படுகின்றன. ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸ் செயலியிலும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. சொந்த எண்ணையே பிசினஸுக்கு மாற்றினால் குடும்பச் சாட்டும் கடைச் சாட்டும் ஒரே பட்டியலில் கலந்துவிடும். நாளை அந்தப் போனை ஊழியரிடம் கொடுக்கவும் மனசு வராது. கடைக்கென்று தனி சிம் வாங்குங்கள். கடையில் லேண்ட்லைன் இருந்தால் அதையே பதிவு செய்யலாம். லேண்ட்லைனுக்கு எஸ்எம்எஸ் வராது என்பதால், பதிவின்போது அழைப்பு மூலம் சரிபார்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால் 6 இலக்க எண்ணைக் குரலில் சொல்லும். போர்டிலும் பில்லிலும் ஏற்கெனவே அச்சான எண்ணிலேயே சாட்டும் வரும்.

சிம் யார் பெயரில் இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். ஊழியர் பெயரில் வாங்கிய சிம் ஊழியரோடு போய்விடும், கூடவே வாடிக்கையாளர்களும் போவார்கள். எண்ணைப் பதிவு செய்த அன்றே இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 6 இலக்க பின் எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் கொடுத்துவிடுங்கள். மின்னஞ்சல் கொடுக்காமல் விட்டு பின் எண்ணை மறந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும். கடைக்கு 7 நாள் சாட் இல்லை என்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 'தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஒரு ஓடிபி வந்துவிட்டது, சொல்லுங்கள்' என்று யார் கேட்டாலும், தெரிந்தவர் எண்ணிலிருந்தே கேட்டாலும், சொல்லக் கூடாது. கணக்கைப் பிடுங்கும் மோசடிகளில் மிகப் பழையதும், இன்னும் ஆட்கள் விழுந்துகொண்டே இருப்பதும் இதுதான்.

அடுத்து கேட்டலாக், அதாவது வாடிக்கையாளர் செயலிக்குள்ளேயே பார்க்கும் பொருள் பட்டியல். 500 பொருள் வரை ஏற்றலாம். பொருள் ஒன்றுக்கு 10 படம், பெயர், விலை, விவரம், இணைப்பு, பொருள் குறியீடு. இதில் எல்லோரும் காலியாக விடுவது கடைசியாகச் சொன்ன குறியீட்டை. அதைத்தான் முதலில் நிரப்ப வேண்டும். வாடிக்கையாளர் 'அந்த நீலக் கலர் ஒன்று போட்டிருந்தீர்களே' என்பார். கடையில் மூன்று நீலம் இருக்கும். 'ச-12' என்று குறியீடு இருந்தால் பேச்சு ஒரே வரியில் முடியும். ஷீட்டில் அதே குறியீடு, அலமாரியில் ஒட்டிய ஸ்டிக்கரில் அதே குறியீடு என்று மூன்று இடத்திலும் ஒன்றாக இருந்தால், நேற்று சேர்ந்த ஊழியர்கூடச் சரியான பொருளை எடுத்துவிடுவார்.

500 என்பது பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் ஒரு மாடலில் 5 அளவு, 4 நிறம் இருந்து ஒவ்வொன்றையும் தனிப் பதிவாகப் போட்டால் மாடலுக்கு 20 போய்விடும். 25 மாடலில் மொத்த இடமும் தீர்ந்தது. அதனால் மாடலுக்கு ஒரு பதிவு போதும். நிறங்களை அந்த 10 படங்களில் காட்டுங்கள். என்னென்ன அளவு உண்டு என்பதை விவரத்தின் முதல் வரியில் எழுதுங்கள், நடுவில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எந்த அளவு வேண்டும் என்பதை ஆர்டரை உறுதி செய்யும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

படம் எடுக்க ஸ்டுடியோ தேவையில்லை. காலை வெளிச்சம் வரும் ஜன்னல், வெள்ளைத் துணி, போன் அசையாமல் நிற்க ஒரு முட்டு, இது போதும். கேமராவைச் சதுர வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு எடுங்கள். உதிரிபாகம் விற்கிறவர்கள் ஒவ்வொரு படத்திலும் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கிடத்தி, மில்லிமீட்டர் கோடு தெரியும்படி எடுக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் போல்ட்டும் 10 மில்லிமீட்டர் போல்ட்டும் தனியாகப் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். திரும்பி வரும் பொருள்கள் இந்த ஒரு ஸ்கேலால் குறையும் என்று தாராளமாக நம்பலாம். ஏற்றிய பொருள் உடனே வெளியில் தெரியாது, நிறுவனத்தின் சரிபார்ப்பு முடிந்தே தெரியும். மது, புகையிலை, மருந்து, உயிருள்ள விலங்கு, ஆயுதம் போன்றவற்றுக்கு அனுமதி இல்லை.

2020 டிசம்பரில் கூடை வசதி வந்தது. வாடிக்கையாளர் பல பொருள்களைத் தேர்ந்து, எண்ணிக்கை போட்டு, ஒரே செய்தியாக அனுப்பலாம். பார்க்க முழு ஆன்லைன் கடை போலவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். கூடை வந்ததால் உங்கள் ஸ்டாக்கில் ஒன்றுகூடக் குறையாது. கடைசியாக இருந்த ஒரு பம்பை நான்கு பேர் கூடையில் போட்டு அனுப்பினால் நான்கும் வந்து சேரும். அலமாரியில் தீர்ந்த பொருளைக் கேட்டலாக்கில் கையால்தான் மறைக்க வேண்டும். கடை மூடும்போது கல்லாவை எண்ணுகிற மாதிரி, தீர்ந்துபோன குறியீடுகளை மறைப்பதையும் அன்றாட வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அழிக்க வேண்டாம், மறைத்தால் போதும். மறுபடி சரக்கு வந்ததும் படம், விவரம் எல்லாம் அப்படியே இருக்கும்.

முன்கூட்டியே எழுதி வைக்கும் செய்திகள் மூன்று வகை, முதல் இரண்டும் தானாகவே போகும். வரவேற்புச் செய்தி முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்துவிட்டு மறுபடி எழுதுபவருக்கும் போகும். அதில் 'எங்கள் கடைக்கு வருக' என்று எழுதி இடத்தை வீணாக்குவதைவிட, ஆர்டருக்கு என்னென்ன விவரம் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கடை மூடியிருக்கும் நேரத்துக்கான செய்தியை வேலை நேரத்தோடு இணைத்துவிடலாம். இதில் ஒரு பொறி உண்டு: போனில் இணையம் இருந்தால்தான் அது போகும். சார்ஜ் மிச்சமாகட்டும் என்று இரவில் போனை அணைத்து டிராயரில் வைக்கும் கடையில், அந்தச் செய்தி எதற்காக எழுதப்பட்டதோ அந்த நேரத்தில் மட்டும் போகாது. போனைச் சார்ஜரிலும் வைஃபையிலும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

மூன்றாவது, விரைவுப் பதில். 50 வரை எழுதி வைக்கலாம், சாய்கோடு தட்டிக் குறுஞ்சொல்லைப் போட்டால் முழுப் பதிலும் வரும். செயலியின் அத்தனை வசதிகளிலும் ஒரே நாளில் பலன் காட்டுவது இதுதான். ஒரு வாரத்துச் சாட்டைப் புரட்டிப் பாருங்கள், அதே ஏழெட்டுக் கேள்விகள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். தையல் கடைக்கு '/அளவு' என்று ஒன்று இப்படி இருக்கலாம்: 'தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், முழு நீளம், ஐந்தையும் சென்டிமீட்டரில் அனுப்புங்கள். நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையைத் தரையில் விரித்து அளந்தால் போதும். விரித்து அளந்தது என்றால் அதையும் குறிப்பிடுங்கள்.' கடைசி வாக்கியம் இல்லாவிட்டால், விரித்து அளந்த 52ஐச் சுற்றளவு என்று நினைத்து வெட்டிவிடுவார்கள். இரண்டால் பெருக்க வேண்டிய எண் அது. விரைவுப் பதிலில் இருக்க வேண்டியது இந்த மாதிரி, தவறு நடக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு எழுதிய வாக்கியங்கள்.

இனி லேபிள், அதாவது சாட்டிலோ செய்தியிலோ ஒட்டும் அடையாளச் சீட்டு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆர்டரை நிர்வகிக்க இந்தச் செயலி தரும் முக்கியக் கருவி இது. 20 லேபிள் வரை வைக்கலாம். புது ஆர்டர், பணம் பாக்கி, பணம் வந்தது என்பது போலச் சில லேபிள்கள் செயலியோடு வரும். அவற்றை உங்கள் கடையின் வேலை ஓட்டத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். அச்சகம் என்றால் 'கோப்பு வரணும்', 'மாதிரி அனுப்பியாச்சு', 'மாதிரி ஓகே', 'மெஷினில்', 'வெட்டு, பைண்டிங்', 'ரெடி', 'பாக்கி'. ஏழு போதும். பதினைந்து லேபிள் வைத்த கடையில் இரண்டாவது வாரத்திலேயே யாரும் லேபிளைத் தொடுவதில்லை.

லேபிளைச் சாட்டின் மேலும் ஒட்டலாம், ஒரு தனிச் செய்தியின் மேலும் ஒட்டலாம். பெரும்பாலானவர்கள் சாட்டின் மேல் ஒட்டுகிறார்கள், அங்கேதான் கோளாறு. ஒரே வாடிக்கையாளர் திங்கள்கிழமை அழைப்பிதழும் புதன்கிழமை விசிட்டிங் கார்டும் கொடுத்திருப்பார். அழைப்பிதழ் முடிந்ததும் சாட்டை 'ரெடி' என்று மாற்றினால், கார்டு இன்னும் மெஷினுக்கே போகவில்லை என்பது மறைந்துவிடும். ஆர்டர் உறுதிச் செய்தியை அழுத்திப் பிடித்து அந்தச் செய்திக்கு மட்டும் லேபிள் ஒட்டுங்கள். அப்போது லேபிள் பட்டியலைத் திறந்தால் ஆளின் பெயருக்குப் பதில் ஆர்டரே வந்து நிற்கும். வேலை அடுத்த கட்டத்துக்குப் போனதும் பழைய லேபிளை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். எடுக்க மறந்தால் ஒரே ஆர்டர் இரண்டு கட்டத்திலும் தெரியும். இதையும் மீறி லேபிளால் முடியாத ஒன்று இருக்கிறது: தேதி. எந்த ஆர்டர் நாளைக்குக் கொடுக்க வேண்டியது என்று எந்த லேபிளும் சொல்லாது.

சாட்டையே ஆர்டர் புத்தகமாக வைத்திருப்பவர்களுக்கு ஓட்டைகள் எங்கெங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரை அனுப்பியவர் திருத்தலாம். '100 காப்பி' என்று வந்ததைப் பார்த்துவிட்டு நீங்கள் காகிதம் எடுக்கப் போன நேரத்தில் அது '150' ஆகியிருக்கும். 'திருத்தப்பட்டது' என்று சிறிய எழுத்தில் ஒரு சொல் இருக்கும், அதைத்தான் பார்க்கத் தவறுவோம். இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை செய்தியை இரு பக்கமும் சேர்த்தே அழிக்கவும் முடியும்.

அதைவிடப் பெரியது மறையும் செய்திகள். வாடிக்கையாளர் தன் பக்கத்தில் அதை இயக்கிவிட்டால், 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ சாட்டில் உள்ள புதுச் செய்திகள் கரைந்துவிடும். இது கெட்ட எண்ணத்தோடு நடப்பதல்ல, பலர் எல்லாச் சாட்டுக்கும் பொதுவாக அதைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் தர வேண்டிய தையல் ஆர்டரின் அளவுகள் எட்டாவது நாள் சாட்டில் இருக்காது. ஒரு செய்தியை மட்டும் மறையாமல் வைத்திருக்கும் வசதி 2023இல் வந்தது. ஆனால் அனுப்பியவர் நினைத்தால் அதை ரத்து செய்யலாம். சாட்டின் தலைப்பில் கடிகாரச் சின்னம் தெரிந்தால், அன்றைக்கே விவரத்தை வெளியே எழுதி வைத்துவிட வேண்டும்.

மூன்றாவது ஓட்டை படங்களில். படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும். சாதாரணத் தரத்தில் நீண்ட பக்கம் பொதுவாகச் சுமார் 1600 பிக்சலுக்கு இறங்கும். ஏ4 அளவை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். 1600 பிக்சலை அதே தரத்தில் அச்சடித்தால் 13.5 சென்டிமீட்டருக்கு மேல் வராது. போனில் பளிச்சென்று தெரிந்த லோகோ பேனரில் மங்கிப்போவதன் காரணம் இதுதான். மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. கோப்பை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை சுருங்காமல் வரும். இதற்கும் ஒரு விரைவுப் பதில் எழுதிவிடுங்கள்.

பணம் கட்டியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டும் ஒரு படம்தான். யாரும் எதையும் போலியாகச் செய்து அனுப்பலாம். பொருளைக் கொடுக்கும் முன் உங்கள் கணக்கில் பணம் வந்து சேர்ந்ததா என்று அங்கே போய்ப் பாருங்கள். கூட்ட நேரத்தில் சங்கடப்பட்டுக்கொண்டு இதை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆக, ஷீட். பத்து நெடுவரிசை போதும்: ஆர்டர் எண், வந்த தேதி, பெயர், போன், பொருள் குறியீடு, எண்ணிக்கை, தர வேண்டிய தேதி, மொத்தம், அட்வான்ஸ், நிலை. ஆர்டர் எண்ணை '0612-04' என்பது போல வைத்தால் 6ஆம் மாதம் 12ஆம் தேதி வந்த 4ஆவது ஆர்டர் என்று பார்த்ததும் தெரியும். வருடம் மாறும்போது புதுத் தாள் திறந்துகொள்ளுங்கள்.

தொடங்கும் முன் நான்கு சின்ன வேலைகள், ஒவ்வொன்றும் பின்னால் பெரிய தலைவலியைத் தடுக்கும். ஆர்டர் எண், போன் என்ற இரண்டு நெடுவரிசைகளையும் எளிய உரை என்று முதலிலேயே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தையும் கூட்டல் குறியையும் ஷீட் தின்றுவிடும், சில ஆர்டர் எண்களைத் தேதி என்று நினைத்து மாற்றியும்விடும். கோப்பு அமைப்பில் எந்த நாட்டு முறை என்பதைச் சரிபாருங்கள். தவறாக இருந்தால் 03/04 என்பதை ஏப்ரல் 3க்குப் பதில் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தும்போது ஆர்டர்கள் ஒரு மாதம் தள்ளிப் போய்விடும், யாருக்கும் காரணம் புரியாது. 'நிலை' நெடுவரிசையில் கீழிறங்கு பட்டியல் போட்டு, லேபிளில் வைத்த அதே ஏழு சொற்களைக் கொடுங்கள். கையால் அடிக்க விட்டால் 'ரெடி', 'ரெடி.', 'தயார்' என்று மூன்றும் வரும், எண்ணிக்கை தப்பும். கடைசியாக, தர வேண்டிய தேதி நாளையோ அதற்கு முன்போ இருந்து வேலை முடியாமல் இருந்தால் அந்த வரி சிவப்பாகும்படி நிபந்தனை வடிவமைப்பு. காலையில் கடை திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சிவப்பு வரிகளைத்தான். யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதற்கு, நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டித் தரும் சம்இஃப்ஸ் (SUMIFS) ஃபார்முலா போதும்.

சாட்டிலிருந்து ஷீட்டுக்கு எதுவும் தானாகப் போகாது, கையால்தான் ஏற்ற வேண்டும். ஆர்டருக்கு ஒரு நிமிடம் ஆகும். இந்த ஒரு நிமிடம் பாரமாகத் தெரியும், கடைகள் இங்கேதான் பின்வாங்குகின்றன. பின்வாங்காமல் இருக்க ஒரு வழி உண்டு: முதலில் ஷீட்டில் எழுதுங்கள், பிறகே வாடிக்கையாளருக்கு உறுதிச் செய்தி அனுப்புங்கள். 'ஆர்டர் 0612-04. ச-12, அளவு 40, 2 எண்ணம். 20ஆம் தேதி மாலை. அட்வான்ஸ் வந்தது. சரி என்றால் சரி என்று பதில் போடுங்கள்.' ஆர்டர் எண் ஷீட்டில்தான் பிறக்கிறது என்பதால் அதைத் தாண்டி உறுதிச் செய்தி போக முடியாது. குரல் பதிவில் வரும் ஆர்டர், திருத்திய ஆர்டர், மறையும் ஆர்டர் எல்லாவற்றுக்கும் இதே மருந்து. உங்கள் எழுத்தில் ஒரு செய்தி, அவருடைய 'சரி' ஒன்று, அதற்குப் பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

மொத்தமாகச் செய்தி அனுப்புவது பற்றி. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். 'அனுப்பினேன், யாரும் பதில் சொல்லவில்லை' என்பதற்குப் பாதி காரணம் இதுவே. பொருளைக் கொடுக்கும்போதே க்யூஆர் ஸ்டிக்கரைக் காட்டி எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்வதுதான் நேர் வழி. குறுக்கு வழிகள் இரண்டும் ஆபத்து. எல்லோரையும் ஒரு குழுவில் தள்ளினால் ஒவ்வொருவர் எண்ணும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். போட்டிக் கடைக்காரர் ஒருவர் உள்ளே வந்தால் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலையே தூக்கிக் கொடுத்ததாக அர்த்தம். எங்கிருந்தோ வாங்கிய எண் பட்டியலுக்கு அனுப்பினால் ஆட்கள் புகார் பொத்தானை அழுத்துவார்கள், கணக்கு முடங்கும். முடங்கிய எண் போர்டு, பில், பை என எல்லாவற்றிலும் அச்சாகியிருக்கும்.

ஆள் சேர்க்கும் கடைக்கு: ஒரு போனோடு 4 கருவிகள் வரை இணைக்கலாம். கவுண்டர் கணினியில் ஒன்று, வேலைக்கூடத்து டேப்லெட்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் முதலாளி வெளியூரில் இருந்தாலும் பதில் போகும். முதன்மைப் போனை 14 நாள் திறக்காமல் விட்டால் இணைப்புகள் அறுந்துவிடும். குறை என்னவென்றால், இணைத்த எல்லோருக்கும் எல்லாச் சாட்டும் தெரியும். இவர் டெலிவரி மட்டும் பார்க்கட்டும், அவர் விலை பேசட்டும் என்று இலவசச் செயலியில் பிரிக்க வழியில்லை. பதில் சொன்னது யார் என்பதும் தெரியாது. ஒவ்வொருவரும் செய்தியின் முடிவில் பெயரின் முதலெழுத்தைப் போடும் பழக்கம் இதற்கு ஓரளவு கைகொடுக்கும். ஷீட்டிலோ யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று பிரிக்கலாம். விலை நெடுவரிசையைப் பூட்டலாம். யார் எப்போது எதை மாற்றினார் என்று பதிப்பு வரலாற்றில் பார்க்கலாம். ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் கடைச் சாவியை வாங்கும்போதே, இணைக்கப்பட்ட கருவிகள் பட்டியலைத் திறந்து அவருடையதை வெளியேற்றிவிடுங்கள்.

பேக்கப்பை அன்றாடம் எடுக்கும்படி வையுங்கள். ஆண்ட்ராய்டில் அது கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபியில் இருந்துதான் இடம் எடுக்கும். படம் நிறைய வரும் கடையில் சில மாதங்களிலேயே நிரம்பி, பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோகும். வீடியோக்களைப் பேக்கப்பிலிருந்து விலக்கி, மாதம் ஒருமுறை கடைசி பேக்கப் தேதியைக் கண்ணால் பாருங்கள். மறைகுறியாக்கப்பட்ட பேக்கப்பை இயக்கினால் கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ காகிதத்தில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். தொலைத்தால் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப் உலகம் முழுக்க ஆறு மணி நேரம் போல நின்றது. அது மாதிரி ஒரு நாளில் ஷீட் கையில் இருக்கும் கடை, அன்றைய ஆர்டர்களுக்குச் சாதாரணமாக போன் போட்டுப் பேசி வேலையை ஓட்டலாம்.

எப்போது இந்தச் செயலியைத் தாண்டிப் போக வேண்டும்? ஒரு நாளைக்கு ஐம்பது சாட்டுக்கு மேல் போய், பதில் சொல்லவே இரண்டு பேர் முழு நேரம் தேவைப்படும்போது யோசிக்கலாம் என்பது எங்கள் கணிப்பு. அடுத்த படி வாட்ஸ்அப்பின் ஏபிஐ, அதாவது வேறு மென்பொருளை வாட்ஸ்அப்போடு இணைக்கும் வழி. அதில் கடை தானாகத் தொடங்கும் செய்திகள் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வார்ப்புருவாக (டெம்ப்ளேட்) இருக்க வேண்டும். வாடிக்கையாளர் எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் மட்டும் சுதந்திரமாகப் பதில் எழுதலாம். 2025 ஜூலை முதல் வார்ப்புருச் செய்திகளுக்குச் செய்திக் கணக்கில் கட்டணம். நடுவில் இருக்கும் சேவை நிறுவனத்தின் கட்டணம் அதற்கு மேல். கையெழுத்துப் போடும் முன் இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எண் யார் கணக்கில் பதிவாகும், விலகினால் எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்பதையும் கேளுங்கள்.

'உங்கள் ஆர்டர் இந்த எண், இந்தத் தேதியில் ரெடி' என்ற வார்ப்புருவுக்கு ஆர்டர் எண், பெயர், போன், தேதி என நான்கு விவரம் வேண்டும். ஆறு மாதம் ஷீட் வைத்த கடையில் அந்த நான்கும் வரிசையாக இருக்கின்றன, கோப்பை ஏற்றினால் ஒரு மதியத்தில் வேலை முடியும். ஷீட் இல்லாத கடை, சாட் ஒவ்வொன்றாகத் திறந்து ஏற்றுமதி செய்ய வேண்டும். படம் இல்லாமல் எடுத்தால் ஒரு சாட்டுக்கு 40,000 செய்தி வரை உரையாக வரும், அதில் எது ஆர்டர், எது விசாரிப்பு என்று ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துப் பிரிக்க வேண்டியிருக்கும்.